எல்லோரும் படித்த ஆறாம் அத்தியாயம்

விட்னி நன்றாக வாசிப்பாள். பள்ளி நாடகங்களில் நடித்துப் பழகிய குரல். எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவருக்குத் தொண்டை அடைக்கும் என்று தெரிந்த குரல். அதனால்தான் ஹாலோவே மேடம் ஆறாம் அத்தியாயத்தை அவளிடம் கொடுத்தார்.

"'ராய்க்கு இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. சூளை வாங்கிக்கொண்டது என்பார், ஏதோ மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டது போல.'"

வகுப்பில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் மெல்லச் சிரிப்பு எழுந்தது. மார்லா க்ரம்மும் சிரித்தாள். அவளுடைய அப்பா அதே சொற்களில்தான் சொல்வார். பக்கத்தில் இருந்தவன் அவளை முழங்கையால் இடித்து, "உங்கப்பாவா?" என்றான்.

"அவரேதான்."

"செம ஆளுடி உங்கப்பா."

விட்னி பக்கத்தைத் திருப்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"'அந்தக் குளிர்காலத்தில் ராயின் மனைவிக்குப் புற்றுநோய் எலும்பு வரை இறங்கிவிட்டது. வலிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் பாதியைத்தான் அவள் விழுங்கினாள். மறு பாதியை ராய் பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் நின்று விற்றுக்கொண்டிருந்தார். இரவுகளில் அவள் துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். ராய் சமையலறையில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைப்பார்.'"

விட்னி அதோடு நிறுத்தினாள். அது நாடகத்துக்காக நிறுத்தியதல்ல.

எல்லாத் தலைகளும் திரும்பின. திரும்பாமல் என்ன செய்யும்? இந்தப் புத்தகம் என் ஊரைப் பற்றியது, ராய் என்பது என் அப்பா, எழுதினவர் ஆராய்ச்சிக்கு வந்து எங்கள் வீட்டுக் கார் கொட்டகை மாடியில் ஒரு வருஷம் குடியிருந்தார் என்று செப்டம்பர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள் மார்லாதான். சாப்பாட்டுக் கூடத்தில் சொன்னாள். துணி துவைக்கும் இடத்தில் முன்பின் தெரியாதவளிடம் கூடச் சொன்னாள். இதில் கேவலம் என்னவென்றால், அவள் புத்தகத்தை முழுதாகப் படித்திருக்கவில்லை. கோடை முழுக்க முதியோர் இல்லச் சமையலறையில் இரண்டு ஷிப்ட் பார்த்தவள், ஆறும் படகும் சூளையும் வருகிற முதல் இரண்டு அத்தியாயங்களைப் படித்து மனம் நிறைந்து மூடிவைத்துவிட்டாள். நம்மைப் பற்றிய புத்தகம்தானே, நமக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று.

"மார்லா," என்றார் ஹாலோவே மேடம், காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவது போல. "நீ எதுவும் பேச வேண்டியதில்லம்மா. வெளிய போகணும்னாலும் போயிக்கோ."

"இதுல தனி மனுஷனைக் குத்தம் சொல்ல முடியாது இல்லையா," என்று எதிரே இருந்தவன் அவசரமாக ஆரம்பித்தான். "ஃபாக்டரியில ஆளைக் குறைச்சதுதான் காரணம். அமைப்பு அப்படி. ராய் மாதிரி ஆளுங்களுக்கு வேற வழியே…"

"வாயை மூடுறியா?" என்றாள் மார்லா.

அவன் மூடினான். விட்னியின் கண் நிறைந்திருந்தது. "நீ இங்க எங்களோட இருக்கறதுக்கு ரொம்ப நன்றி மார்லா," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று மார்லாவுக்கு அன்றும் புரியவில்லை, பிறகும் புரியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே சுவரில் மேலும் படிக்க என்று மேடம் ஒட்டியிருந்த பட்டியல் கண்ணில் பட்டது. அமெரிக்காவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இவற்றைப் படியுங்கள் என்று பெரிய எழுத்தில் தலைப்பு. சிறைக்குப் போனவர்கள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள், கோழி அறுக்கிற தொழிற்சாலையில் நிற்கிறவர்கள், மாத்திரை தின்று செத்தவர்கள் என்று வகைக்கு ஒரு புத்தகம். எல்லாம் உண்மைச் சம்பவங்கள், எல்லாம் பரிசு வாங்கியவை. அந்தப் புத்தகங்கள் யாரைப் பற்றியவையோ அவர்களில் ஒருவர் கூட அந்த அறையில் இல்லை. அவள் ஒருத்தி இருந்தாள். அவளும் வெளியே போய்க்கொண்டிருந்தாள்.

மார்லாவை உள்ளுக்குள் கொன்றது ரேடியோதான்.

விரல் என்றால் யாருக்கும் போகும், மாத்திரை என்றால் எவனும் எதையும் எழுதுவான். ரேடியோவை எப்படிப் பொய் என்பது? அம்மா நோரீன் படுத்த படுக்கையான அந்தக் குளிர்காலத்தில், மார்லாவின் படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று அவளைக் கொலம்பஸ் நகரத்தில் இருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு வயது பதினொன்று. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மாடியில் படுத்தபடி கேட்டிருக்கிறாள். கீழே சமையலறையில் ரேடியோ அலறும். பழைய நாட்டுப்பாடல்கள். பாட்டுக்கு அடியில் வேறொரு சத்தம். ஒரு காலை அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் துண்டைப் பார்த்தாள். அதன் ஓரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. நாய் கடித்ததாக நினைத்துக்கொண்டாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கெஸ்லர் என்கிற அந்தப் பேராசிரியர் எழுதிவிட்டார். நாடு முழுக்கப் படிக்கிறது. இந்தக் காலேஜில் மட்டும் அந்த வருஷம் சேர்ந்த அத்தனை பேருக்கும், ஒருவர் விடாமல், கோடை விடுமுறையிலேயே தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தால் பேசிப் பழக ஏதாவது இருக்கும் என்று ஒரு வழக்கம். நல்ல வழக்கம்தான். பேசிப் பழக அவர்களுக்குக் கிடைத்தது அவள் அம்மாவின் வாயில் இருந்த துண்டு.

அப்பாவைப் போனில் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் அவர் குரலில் கொண்டாட்டம்.

"கண்ணு! சட்டை வாங்கிட்டேன். நீலக் கலர். கடைக்காரி என்னைப் பாத்துட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கேங்கறா, கிண்டல் பண்றா."

"அப்பா, நீ சனிக்கிழமை வர வேணாம்."

"ஏன், ஆடம் வரலையா?"

ஆடம் என்பது கெஸ்லர், சனிக்கிழமை காலேஜ் விழாவில் பேச வருகிறவர். அந்த ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அப்பா ஒருத்தர்தான். மற்றவர்களுக்கு அவர் 'ப்ரொபசர்'. அதிலும் பாதி கிண்டல்.

"வர்றாரு. நீ வேணாம்ங்கறேன்."

"ஷிப்ட மாத்திக்கிட்டேனே. உங்க காலேஜ் ஆபீஸ் அம்மா ரெண்டு தடவை போன் பண்ணிச்சு. முன் வரிசையில நாற்காலியாம், நெஞ்சுல பேர் எழுதின அட்டையாம். உங்க பொண்ணு உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையாச் சொல்லியிருக்கான்னு சொல்லிச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படியா சொன்னே?"

கேட்க வேண்டியதைப் போனில் கேட்க முடியாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். பொய் சொல்கிறாரா என்று அவர் முகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

"வா," என்றாள். "பத்து மணிக்கே வந்துரு."

சனிக்கிழமை காலேஜ் திருவிழா மாதிரி இருந்தது. பெற்றோர் வார இறுதி. புல்தரையில் பூசணிக்காய்களை அடுக்கிவைத்திருந்தார்கள். பெரிய அண்டாவில் சுடச்சுட ஆப்பிள் சாறு, தட்டு நிறைய டோனட். அப்பாமார்கள் காலேஜ் பேர் போட்ட தொப்பியோடும், அம்மாமார்கள் காலேஜ் பேர் போட்ட சால்வையோடும் நடந்தார்கள். மார்லா வண்டி நிறுத்துமிடத்தின் கடைசி வரிசையில் நின்றாள். அப்பாவின் டிரக் எங்கே போனாலும் கடைசியில்தான் நிற்கும். வெர்ன் க்ரம்முக்கு யார் வண்டிக்கும் பக்கத்தில் தன் வண்டியை நிறுத்தக் கூச்சம்.

இறங்கினார். நீலச் சட்டை. கடையில் மடித்த மடிப்பு அப்படியே நெஞ்சில் குறுக்கும் நெடுக்குமாக இருந்தது.

"எப்படி?" என்று கையை விரித்துக் காட்டினார்.

"அம்மாவோட மாத்திரையை நீ வித்தியா?"

அவர் கை விரித்தபடியே நின்றது.

"என்ன சொன்னே?"

"காது கேக்கலையா? அம்மாவோட வலி மாத்திரை. பெட்ரோல் பங்குக்குப் பின்னால நின்னு. அவ துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தப்போ. வித்தியா?"

"எவன் சொன்னான்?"

"உன் ஆடம் சொன்னான். எழுதி வெச்சிருக்கான். காலேஜே படிச்சிருக்கு. வித்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

வெர்ன் பின்னால் நகர்ந்தார். டிரக்கின் பின் பம்பர் காலில் இடித்ததும் அதன் மேலேயே சரிந்து உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அப்பா கோபப்பட்டால் கழுத்தில் ஒரு நரம்பு எழும். எழவில்லை. அவர் முகத்தில் இருந்த நிறம்தான் போயிற்று.

"காட்டு," என்றார்.

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். சட்டைப் பையிலிருந்து மருந்துக்கடையில் வாங்கிய வாசிப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விரலை வரிக்கு அடியில் வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். அவர் அப்படிப் படித்து அவள் பார்த்ததேயில்லை. வீட்டில் இதே புத்தகம், கெஸ்லர் கையெழுத்துப் போட்டு அனுப்பியது, டிவிக்கு மேலே சாமி படம் மாதிரி நிற்கிறது. அட்டையைத் துடைப்பார். திறந்ததில்லை.

"விரல் நம்மளுது," என்றார் பாதியில். "நாய் நம்மளுது. நம்ம பட்டன்தான் அது, பேரை மாத்தியிருக்கான்." மறுபடி படித்தார். முடித்தார். கண்ணாடியைக் கழற்றாமலே நிமிர்ந்தார். "இது நான் இல்லை கண்ணு."

"ரேடியோ?"

"ரேடியோ நான்தான்."

"அப்போ?"

"அவதான் கூட்டச் சொன்னா. நீ மாடியில தூங்கறே, உனக்குக் கேக்கக் கூடாதுன்னு. 'சத்தமா வை வெர்ன், இன்னும் சத்தமா வை'ன்னு. நீ சித்தி வீட்டுக்குப் போனதுக்கப்புறமும் வெப்பேன். அப்போ எனக்குக் கேக்கக் கூடாதுன்னு."

மார்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பிவிட வேண்டும் என்று மனசு தவித்தது. அப்படித் தவிக்கிற மனசை நம்பக் கூடாது என்று இன்னொரு பக்கம் அவளே சொல்லிக்கொண்டாள். கல்லூரி அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே உருப்படியான விஷயம் அது.

"மாத்திரையை யார் வாங்கிட்டு வருவா?"

"டெல்மர். நான் காலையில ஃபாக்டரிக்குப் போயிருவேன்ல, பக்கத்து வீட்டுக்காரன், சும்மாத்தானே இருக்கான். மருந்துக்கடைக்குப் போறது, உங்கம்மாவுக்கு சூப்பு குடுக்கறது, வாரத்துக்கு ஆகிற மாத்திரையைக் கிழமைவாரியா டப்பால போட்டு வெக்கறது, எல்லாம் அவன்தான். நான் ராத்திரி டப்பாலேருந்து எடுத்துக் குடுப்பேன். என்ன இருக்கோ அதை." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "ரொம்பக் கம்மியாக் குடுக்கறாங்களேன்னு டாக்டரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

டெல்மர் அம்மாவின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் போதை ஊசியோடு செத்துக் கிடந்தான். அவன் சாவுக்கு எழுந்து நின்று நாலு நல்ல வார்த்தை பேசிய ஒரே ஆள் வெர்ன். என் மனைவியைத் தன் கூடப் பிறந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டான் என்று பேசினார்.

புல்தரையில் பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது.

"ஆடம் எங்கேயோ குழப்பிக்கிட்டான்," என்றார் வெர்ன் கடைசியில். "நல்ல பையன். அவன்கிட்டயே கேட்ருவோம். சொல்லிருவான்."

"அப்பா, ஊருக்குப் போயிரு. நான் கேட்டுச் சொல்றேன்."

"என் பொண்ணே என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டா. இனிமே நான் எப்படிப் போறது?"

கெஸ்லர் விமானம் தாமதமாகி நேரே மேடைக்குத்தான் வந்தார். மெலிந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. முன் வரிசையில் வெர்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நெஞ்சில் கை வைத்தார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. மார்லாவுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

நன்றாகத்தான் பேசினார். இந்த நாட்டில் யாரையெல்லாம் நாம் பார்க்காமல் கடந்து போகிறோம் என்று பேசினார். ஒருவரை உண்மையாகப் பார்ப்பதே அன்பு என்றார். ஸ்லேட் லேண்டிங் என்று ஊரின் நிஜப் பேரைச் சொல்லவில்லை, புத்தகத்தில் வைத்த பொய்ப் பேரையே சொன்னார். நாடே உட்காரும் கழிப்பறைக் கோப்பைகளைச் சுட்டெடுத்த ஊர், பிறகு தானே சுட்டெரிந்த ஊர் என்றார். கூட்டம் சிரித்துவிட்டு உடனே சிரித்ததற்காக வருத்தப்பட்டது. கேள்வி நேரம் வந்ததும் நடைபாதையில் மைக்கை வைத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வெர்னும் எழுந்துபோய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்றார். மார்லா அவர் பின்னால் நின்றாள்.

முன்னால் நின்ற பையன் கேட்ட கேள்விக்கு ஒரு பக்கத்துக்கு நீளம் இருந்தது, முடிவில் கேள்விக்குறி இல்லை. பிறகு வெர்னின் முறை.

"எப்படி இருக்கே ஆடம்?"

"வெர்ன்! உங்களைப் பாத்ததுல எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" கெஸ்லர் கூட்டத்தைப் பார்த்தார். "இவர் இல்லேன்னா இந்தப் புத்தகமே இல்லை."

கைதட்டினார்கள். வெர்ன் அது முடியும் வரை காத்திருந்தார்.

"உன் புஸ்தகத்துல ரெண்டு பக்கம் படிச்சேன். இன்னிக்குக் காலையிலதான். தப்பா நெனைக்காதே, நான் மெதுவாப் படிக்கிற ஆளு."

நல்லவிதமாகச் சிரித்தார்கள்.

"இந்த ராய் யாரு?"

"ராய்ங்கறது ஒரு ஆள் இல்ல வெர்ன்," என்றார் கெஸ்லர் சிரித்தபடி. "மூணு பேர். யாரையும் யாரும் கண்டுபிடிச்சுடக் கூடாதே, அவங்களுக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதே, அதுக்காகச் சில பேரைச் சேத்து ஒரே ஆளா எழுதுவோம். எங்க தொழில்ல அப்படி ஒரு முறை. முதல் பக்கத்துலயே சொல்லியிருக்கேன்."

"மூணு பேரா." வெர்ன் அதை யோசித்தார். "அதுல நான் எது?"

இந்தத் தடவை சிரிப்பு பலமாக வந்தது. வெர்ன் சிரிக்காததைக் கண்டு பாதியில் அடங்கியது.

"விரல் என்னுது," என்றார் வெர்ன். "நாய் என்னுது. வீடு என்னுது. அந்தக் கட்டில்ல கெடந்த பொம்பளை என் பொண்டாட்டி. மாத்திரை வித்த கை மட்டும் யாரோடது?"

கெஸ்லர் மேடை ஓரம் வரை வந்தார். குரல் இறங்கியது.

"அதை நான் சொல்லக் கூடாது வெர்ன். அவங்ககிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். உங்ககிட்டயும் அதே வாக்குதான் குடுத்தேன்."

"டெல்மர்."

கெஸ்லர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தார். திறந்தார். குடிக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

ஆக, அப்பா இல்லை. நெஞ்சில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. மார்லா மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் இன்னொன்று உறைத்தது. அவள் அப்பாவை நகர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தாள். வாய்க்கு மிக அருகில் இழுத்ததில் அது கீச்சென்று கத்தியது.

"நான் அவரோட பொண்ணு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மாத்திரையைத் திருடி விக்கறாங்கன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சது? எங்கம்மா செத்த பிறகா, இல்ல உசுரோட இருக்கும்போதா?"

"நல்ல கேள்வி," என்றார் கெஸ்லர்.

"கேள்விக்கு மார்க் வேணாம் சார். பதில் சொல்லுங்க."

"நான் இதோட ரொம்பப் போராடினேன் மார்லா. பின்னிணைப்புல ஒளிக்காம எழுதியிருக்கேன். ஒரு இடத்துக்கு ஆராய்ச்சிக்குப் போறவன் அங்க நடக்கறதுல தலையிட ஆரம்பிச்சான்னா, அப்புறம் அவன் பாக்கறது அந்த இடத்தோட உண்மையா இருக்காது. ஜனங்க அவனை நம்ப மாட்டாங்க. ஒருத்தர் என்னை நம்பிச் சொன்னதை நான்…"

"எப்போ சார்?"

கெஸ்லர் தரையைப் பார்த்தார். "ஜனவரியில."

மார்லாவுக்குக் காதில் விழுந்தது மனதில் ஏறவில்லை. ஜனவரி என்றால் என்ன என்று ஒரு கணம் அவளுக்கு மறந்தே போனது. பின்னாலிருந்து வெர்ன் சொன்னார், யாருக்கோ நினைவூட்டுவது போல:

"அவ மார்ச்சுலதானே செத்தா."

பிறகு மகளைத் தாண்டி மைக்குக்கு வந்தார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"ஆடம், உன் ஜன்னல் அவ ஜன்னலைப் பாத்தாப்பல இருந்துது. ராத்திரி நான் உன் ரூமுக்கு ஏறி வருவேன், ஞாபகம் இருக்கா? மருந்து கேக்கமாட்டேங்குது, டாக்டர் அதிகமாக் குடுக்கமாட்டேங்கறான், நான் என்ன பண்றதுன்னு உன்னைக் கேப்பேன். படிச்சவனாச்சேன்னு உன்னைக் கேட்டேன். நீ காபி போட்டுக் குடுத்தே. தோள்ல கை வெச்சே."

கெஸ்லரின் கண்கள் கலங்கியிருந்தன. அவர் சொன்னதை மார்லா பல நாள் கழித்தும் நம்ப முடியாமல் விட்னியிடம், ஹாலோவே மேடத்திடம், தான்தான் தப்பாகக் கேட்டோமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தப்பாகக் கேட்கவில்லை. அவர் மிக மென்மையாக இப்படித்தான் சொன்னார்:

"அது ஏழாம் அத்தியாயத்துல இருக்கு வெர்ன்."

வெர்ன் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதனைப் பார்ப்பது போல மேடையைப் பார்த்தார்.

முதலாண்டு மாணவர் அலுவலகப் பெண்மணி ஓடிவந்து மேடையில் ஏறினாள். அவளும் அழுதிருந்தாள். கையிலிருந்த மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்ன ஒரு… என்ன ஒரு துணிச்சலான உரையாடல்," என்றாள். "இதுக்குத்தான் நாம புத்தகம் படிக்கறோம். உங்க கதையை எங்களோட பகிர்ந்துக்கிட்டதுக்கு நன்றி மிஸ்டர் க்ரம். நன்றி மார்லா. நன்றி டாக்டர் கெஸ்லர்."

யாரோ ஒருவர் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். ஒரு வரிசை எழுந்தது, பின் வரிசை எழுந்தது, பால்கனி எழுந்தது. தொப்பி போட்ட அப்பாக்கள், சால்வை போர்த்திய அம்மாக்கள், அவர்கள் பிள்ளைகள், கூடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. விட்னி கன்னம் நனைய நனைய இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். மேடையில் கெஸ்லரும் வெர்னைப் பார்த்துத் தட்டினார்.

"நிறுத்துங்க!" என்று மார்லா மைக்கில் கத்தினாள். மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். "எதுக்குத் தட்டறீங்க? உட்காருங்க! எங்கம்மா ரெண்டு மாசம்…" அவள் வாய் அசைவதைப் பார்த்தவர்கள், நன்றி சொல்கிறாள் என்று நினைத்தார்கள் போல. சத்தம் இன்னும் கூடியது.

வெர்ன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்து நிற்கிறாரா என்று திரும்பிக்கூடப் பார்த்தார்.

"யாருக்குக் கண்ணு தட்டறாங்க?"

"நமக்குப்பா."

"எதுக்கு?"

கூடம் தட்டிக்கொண்டே இருந்தது. நான்கு பேர் கூடி ஒரு காரியம் செய்தால் தானும் கூட நின்றே பழகியவர் வெர்ன். தேவாலயத்தில் எழுந்தால் எழுவார், தொழிற்சங்கக் கூட்டத்தில் கை தூக்கினால் தூக்குவார். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல், மெதுவாக, அவரும் கைதட்ட ஆரம்பித்தார்.

மார்லா அந்த இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்து நிறுத்தினாள்.